இடது கோடியில் ஒரு கந்தையா, வலது கோடியில் ஒரு கந்தையா

பாக்கியம் அன்ரி படத்தின் இடது கோடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். செல்வரத்தினம் அங்கிள் வலது கோடியைப் பிடித்திருந்தார். நடுவிலே நாலடி நீளத்துக்கு இருநூறு பட்டாளத்துக்காரர்கள் நாலு வரிசையில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் சுருட்டி வைத்திருந்த படம். ஒருவர் கையை எடுத்தால் போதும், சட்டென்று சுருண்டுவிடும். அதனால் இருவரும் விடவில்லை. விட்டால் மற்றவர் வென்றுவிடுவார் என்ற பயமும் இருந்திருக்கும்.

"இவர்தான் என்ரை அப்பா" என்றார் பாக்கியம் அன்ரி, இடது கோடியில் கடைசியாக நின்றவரின் மேல் மூக்கு முட்டும்படி குனிந்து.

"இவருதான் எங்கப்பா" என்றார் செல்வரத்தினம் அங்கிள், வலது கோடியில் கடைசியாக நின்றவரைக் காட்டி.

சிட்னியின் மேற்கே டூங்கபியில், பாக்கியம் அன்ரியின் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எழுபதுகளின் நடுப்பகுதி. எந்த வருடம் என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஞாபகமில்லை. பாக்கியம் அன்ரி நீலச் சேலை கட்டியிருந்ததும், வடை ஆறிக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

செல்வரத்தினம் அங்கிளின் அப்பா அந்தப் படத்தில் இல்லையென்று ஆகிவிட்டால் ஒரு கல்யாணம் நின்றுபோகும். அந்தப் படத்தை அந்த மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்த பாவி நான்தான்.

பெயர் இல்லாத தலைகள்

அப்போது நான் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பட்டாளத்துக்காரர்களின் சங்கம் ஒன்று தங்களிடமிருந்த யுத்தகாலக் கூட்டப் படங்களை எங்களிடம் கொண்டுவந்து தந்தது. படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் பாதிக்கு மேல் மறந்துபோயிருந்தன. மிச்சப் பேரும் போய்ச் சேருவதற்குள் பெயர்களை எழுதி வைத்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம்.

படங்களைச் சுவரில் மாட்டினோம். பக்கத்தில் காகிதத் துண்டுகளும் பென்சிலும் வைத்தோம். சனி ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். "இரண்டாம் வரிசை, இடமிருந்து ஏழு, என் தம்பி" என்று எழுதிப் போட்டுவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை நான் அதையெல்லாம் பட்டியலாக அடிக்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமான வேலைதான். ஆனால் ஒரே தொப்பி, ஒரே சட்டை, ஒரே ஒட்ட வெட்டிய முடி. ஒரு படத்தில் மூன்றாம் வரிசையில் நின்ற அழகான பையனை மூன்று குடும்பங்கள் தங்கள் பிள்ளை என்று எழுதியிருந்தன. அவனுக்குப் பக்கத்தில் பல் மிதந்த ஒருவர் நின்றார். அவரை ஒருவரும் சீண்டவில்லை. ஒரு மூதாட்டி நாலு சனிக்கிழமை வந்து நாலு வேறு வேறு ஆட்களைத் தன் அண்ணன் என்றார். வாரத்துக்கு வாரம் அண்ணன் வடிவாகிக்கொண்டே போனார்.

நான் சிரித்திருக்கக் கூடாது. நம்மவர்கள் மட்டும் என்ன? பள்ளிக்கூடப் படம் வந்தால் முதலில் தன்னைத் தேடுவோம். தான் கண்ணை மூடியிருந்தால் அது கூடாத படம். தான் நன்றாக இருந்து, மற்ற முப்பது பேரும் கண்ணை மூடியிருந்தால் அருமையான படம். என் வீட்டில் இருக்கும் பத்தாம் வகுப்புப் படத்தில் தலைமையாசிரியருக்குத் தலையே இல்லை. நான் நன்றாக வந்திருக்கிறேன் என்று இன்றுவரை அதைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தப் படங்களுக்கெல்லாம் சங்கத்தின் காவல்காரர் மிஸ்டர் டொய்ல். ஒட்டகத்துக்கு உடுப்புப் போட்டது போன்ற நெடிய மனிதர். யுத்தத்தில் மலாயாவில் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டியவர். பிறகு ஜப்பானியரின் சிறையில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, பாதி உடம்போடு திரும்பி வந்தவர். அதைப்பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். மற்ற எல்லாவற்றையும் பற்றி நிறுத்தாமல் பேசுவார்.

அந்த நாலடிப் படம் அவருடைய ஆஸ்பத்திரிப் படம். ஜப்பானியர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் எடுத்தது. வைத்தியர்கள், தாதிமார், ஓட்டுநர்கள், எல்லோரும் வெள்ளைக்காரர். கோடியில் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. இடது கோடியில் நம் நிறத்தில் ஒருவர். வலது கோடியிலும் நம் நிறத்தில் ஒருவர். இடது பக்கத்தவருக்கு மட்டும் டொய்லின் கையெழுத்தில் ஒரு துண்டு: "கிளார்க். சிலோன் தமிழர். பெயர் மறந்துவிட்டது."

எனக்கு உடனே பாக்கியம் அன்ரியின் மகன் பாலனின் இழுபறிப்பட்ட கல்யாணம் நினைவுக்கு வந்தது.

மிளகாய்த்தூள் செய்த வேலை

இன்றைக்குச் சிட்னியில் ஹரிஸ் பார்க்கில் இறங்கினால் பத்து விதமான மிளகாய்த்தூள் வாங்கலாம். அன்றைக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால் அவருடைய பெட்டியில்தான் தூள் வரும். பெட்டி திறக்கும்போது சுற்றியுள்ள நாலு தமிழ் வீடும் ஆஜராகிவிடும். பாக்கியம் அன்ரி மட்டும் மிளகாயையும் மல்லியையும் எங்கிருந்தோ பிடித்துத் தானே வறுத்து அரைப்பார். அவர் வறுக்கும் நாளில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் தும்மிக்கொண்டே காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

மலேசியாவிலிருந்து செல்வரத்தினம் அங்கிளின் குடும்பம் வந்து ஹோம்புஷ் அடுக்குமாடி ஒன்றில் குடியேறியது. புதிதாக வந்த தமிழ்ச் சனம், பாவம் என்று பாக்கியம் அன்ரி ஒரு போத்தல் தூளைத் தன் மகன் பாலனிடம் கொடுத்து அனுப்பினார். பாலன் என் கணவரோடு படித்தவன், பொறியியலாளன், அதுவரை தாய் சொல்லைத் தட்டாதவன். போன இடத்தில் கதவைத் திறந்தது அங்கிளின் மகள் தேவி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தூள் முடியவே பாலன் விடவில்லை.

விஷயம் தெரிந்ததும் பாக்கியம் அன்ரி சொன்னது ஒரே வசனம்தான். "ஆர் எவர் எண்டு தெரியாத சனம்."

நம்மவர்கள் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள், விசாரிக்கத் தொடங்குவார்கள். அங்கிள் மலாயாவில் பிறந்தவர். தன் அப்பா யாழ்ப்பாணத்தவர், பெயர் கந்தையா, ஊர் கரவெட்டி, பட்டாள ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருந்தவர், யுத்தத்தில் போனவர் திரும்பவில்லை என்று சொல்லியிருந்தார்.

பாக்கியம் அன்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அன்ரியின் அப்பாவும் கந்தையா. அவரும் மலாயாவில் பட்டாள ஆஸ்பத்திரியில் கிளார்க். அவரும் திரும்பவில்லை. ஊர் மட்டும் சண்டிலிப்பாய்.

பெயரைப்பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு கந்தையாவில் பட்டு, இன்னொரு கந்தையாவின் காலடியில் விழும். ஆனால் வேலையும் ஒன்றாக இருந்ததுதான் அன்ரிக்குப் பிடிக்கவில்லை. கரவெட்டிக்குக் கடிதம் போட்டார். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது: இங்கிருந்து மலாயாவுக்குப் போன கந்தையா என்று எவரும் இல்லை.

"பாத்தியே பிள்ளை" என்று என்னிடம் கடிதத்தை ஆட்டிக் காட்டினார். "ஆரோ சொன்ன என்ரை அப்பான்ரை கதையைக் கேட்டுப்போட்டுத் தன்ரை அப்பாவுக்கு ஒட்டிப்போட்டார். தகப்பனையே களவெடுக்கிற சனத்தோட எனக்குச் சம்பந்தம் வேண்டாம்."

நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ இருவரிடமும் அப்பாவின் படம் இல்லை. அன்ரி வீட்டில் இருந்த ஒரே படத்தைக் கறையான் தின்றுவிட்டது. அங்கிளின் அம்மாவோ ஜப்பானியருக்குப் பயந்து, கணவருடைய படம், கடிதம், காக்கிச் சட்டை எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார்.

பாலன் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நான் அவனிடம் படத்தைப்பற்றிச் சொன்னேன். இரண்டு கோடியிலும் இரண்டு தமிழர் நிற்கிறார்கள். ஒருவர் உன் தாயின் தகப்பன், மற்றவர் தேவியின் தாத்தா என்று ஆகிவிட்டால் உன் தாயின் வாய் அடைபட்டுவிடும் என்றேன். அந்த வயதில் எனக்கு என் மூளையில் அளவுகடந்த நம்பிக்கை இருந்தது.

அமத்திப் பிடித்த கைகள்

படத்தைத் தனியே அனுப்ப டொய்ல் சம்மதிக்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டி, படச் சுருளைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு தானே வந்துவிட்டார். அன்ரியின் கணவர் மகாலிங்கம் அங்கிள் அவர் உட்காரக் கதிரை போட்டார். மகாலிங்கம் அங்கிளைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர் கல்யாணம் கட்டியதிலிருந்து பேசுவதற்கு அவருக்கு முறை வரவில்லை.

பாலனும் தேவியும் சுவரோரமாக, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்களாக நின்றார்கள்.

படத்தை விரித்தோம். அன்ரி இடது பக்கம் வந்து பூதக்கண்ணாடியைப் பிடித்தார். அவர் தேடியது தன் அப்பாவை மட்டுமல்ல. அங்கிளின் அப்பா இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவும் காத்திருந்தார். ஆனால் இடது கோடியைப் பார்த்ததும் அந்த முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்பா" என்றார், எங்களிடம் சொல்லாமல்.

அந்த மனிதர் விறைப்பாக நின்றார். தொப்பி நேராக இருந்தது. சட்டையில் மடிப்புக் கலையவில்லை. கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. வாய் ஒரு கோடு.

"இப்பிடித்தான் நிப்பார். ரெண்டு வரியத்துக்கு ஒருக்கா லீவிலை வருவார். வாசலிலை நிண்டு எங்களை வரிசையாய் நிக்கவிட்டுப் பாப்பார். என்ன படிச்சனியள் எண்டு கேப்பார். பிறகு போயிடுவார்" என்றார் அன்ரி.

இப்போது அங்கிள் பூதக்கண்ணாடியை வாங்கி வலது கோடிக்குப் போனார். பார்த்தார். பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

வலது கோடி மனிதரின் தொப்பி சரிந்து கிடந்தது. சட்டையின் ஒரு பக்கம் வெளியே தொங்கியது. முகம் அசைந்து லேசாக மங்கலாக விழுந்திருந்தது, வாயை முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாதான் லா. வேற யாரு இப்படிப் பட்டாளப் படத்துல நின்னு சிரிப்பாங்க? எந்நேரமும் சிரிப்புதான். எங்கம்மா திட்டுவாங்க, அதுக்கும் சிரிப்பாரு" என்றார்.

"தொப்பியைப் பாத்தால் தெரியுது, ஆர் என்ன மாதிரி ஆள் எண்டு" என்றார் அன்ரி.

"உங்கப்பா மொகத்தைப் பார்த்தா யாரோ செத்துட்ட மாதிரி இருக்கு" என்றார் அங்கிள்.

ஆளுக்காள் ஒவ்வொரு கோடியை அமத்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் சண்டை போட்டார்கள். தொப்பிக்கு ஒரு கட்சி, சிரிப்புக்கு ஒரு கட்சி. எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். இரண்டு கோடி, இரண்டு கிளார்க், இரண்டு கந்தையா. அங்கிள் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிட்டதே! பாலன் என்னைப் பார்த்துக் கண்ணால் நன்றி சொன்னான். அன்ரிக்கும் அது விளங்கிவிட்டது.

"சரி, ஆரோ ஒரு கந்தையா நிக்கிறார்தான்" என்று வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார். நான் வெற்றிக் களிப்பில் வடையை எடுத்தேன்.

அப்போதுதான் டொய்ல், மூன்றாவது வடையை முடித்துக்கொண்டு, என்ன சண்டை என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய்க்குள் வடையோடு விளக்கினேன். இடது பக்கத்தவர் இவருடைய அப்பா, வலது பக்கத்தவர் அவருடைய அப்பா, அவ்வளவுதான் என்றேன்.

டொய்ல் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு வடைத் துகள் பறக்கச் சிரிக்கத் தொடங்கினார்.

ஓடின மனிதர்

அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். அந்த மாதிரி நீளப் படத்தை ஒரே சொடுக்கில் எடுக்க முடியாது. எல்லோரையும் பிறைபோல வளைத்து நிறுத்துவார்கள். நடுவில் கமரா மெல்ல மெல்ல இடமிருந்து வலமாகத் திரும்பும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வரச் சில விநாடிகள் ஆகும். அதைக் காட்டுவதற்கு அவர் தேக்கரண்டியைச் சீனிப் போத்தலின் மேல் வைத்துத் திருப்பினார்.

கமரா தன்னைக் கடந்ததும், இடது கோடியில் நின்ற கிளார்க் குனிந்து, எல்லோருடைய முதுகுக்கும் பின்னால் ஓடத் தொடங்கினார். இருநூறு பேருக்குப் பின்னால் ஓடிப்போய், கமரா வருவதற்குள் வலது கோடியில் நின்றுவிட்டார். தொப்பி சரிந்தது அதனால்தான். சட்டை வெளியே வந்ததும் அதனால்தான். டொய்லும் இன்னும் இரண்டு பேரும் அவரோடு பந்தயம் பிடித்திருந்தார்கள், முடியாது என்று.

"எங்கள் இருபது சிகரெட்டும் போனது" என்றார் டொய்ல். "இரண்டு பேர் இல்லை, அம்மா. ஒரே ஆள்."

அன்ரியின் கையையும் அங்கிளின் கையையும் மெல்ல விலக்கி, படத்தின் இரண்டு முனைகளையும் வளைத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தார். விறைத்த முகமும் சிரித்த முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒரே காது. ஒரே மூக்கு. நாடியில் ஒரே வெட்டுத் தழும்பு.

பாக்கியம் அன்ரிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பிடிக்காததைச் சொன்னால் மட்டும் விளங்காது. அன்றைக்கு எல்லாம் விளங்கியது.

நான் வாயில் இருந்த வடையை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. ஊரை மாற்றிச் சொன்ன கந்தையா, கரவெட்டியில் இல்லாத கந்தையா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சண்டிலிப்பாய்க்கு வந்த கந்தையா எல்லோரும் என் தலைக்குள் ஒருவராக ஆனார்கள்.

டொய்லுக்கு அந்த அறையில் நடந்தது விளங்கவில்லை. பெருமைக்குரிய ஒரு மனிதரைப்பற்றிக் கதை சொல்கிறோம் என்ற நினைப்பில் தொடர்ந்தார். "படத்துக்கு எல்லோரும் ஒரு பிரதிதான் சொன்னோம். அவர் மட்டும் இரண்டு பிரதி சொன்னார். இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். எங்கள் பிரதிகள் ஊருக்குக் கப்பலேறிவிட்டன, அவருடையதை அனுப்புவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. பிறகு எங்களை வேறு வேறாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது."

"எங்களுக்கு ஒண்டும் வரேல்லை" என்றார் அன்ரி.

"எங்களுக்கும் வரலே" என்றார் அங்கிள்.

அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அன்ரி எழுந்து குசினிக்குள் போய், கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவத் தொடங்கினார்.

விரல் மடித்த ஆண்கள்

அப்போது நடக்காத ஒன்று நடந்தது. மகாலிங்கம் அங்கிள் பேசினார்.

"அப்ப இந்தப் பிள்ளையள் ரெண்டும்…" என்று பாலனையும் தேவியையும் காட்டினார், "சகோதரம் ஆகுமோ?"

என் சாமர்த்தியம் இப்படி வந்து முடியும் என்று நான் நினைக்கவில்லை. செல்வரத்தினம் அங்கிள் வெளிறிப்போய் விரல்களை மடித்தார். மகாலிங்கம் அங்கிளும் மடித்தார். பாலன் பொறியியலாளன் அல்லவா, ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டான். மூவருக்கும் மூன்று விடை வந்தது. டொய்ல் என்னிடம், ஏன் எல்லோரும் எண்ணுகிறார்கள் என்று மெல்லக் கேட்டார்.

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்னத்தைப் பெரிசாய் விரல் மடிக்கிறியள்?" என்று அன்ரியின் குரல் வந்தது. "நான் பெட்டை, அவர் பெடியன். நாங்கள் ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியாய் இருந்தால்தான் பிள்ளையள் சகோதரம். இது தாய்மாமன்ரை மகள். பாலனுக்கு அவள் மச்சாள் முறை. இதைக்கூடப் பாக்கத் தெரியாமல் கணக்குப் படிச்சவையாம்."

மறுபடி பாத்திரச் சத்தம் தொடங்கியது.

எவ்வளவு பெரிய இடி விழுந்தாலும் நம் பெண்களுக்கு முறை தவறாது. தலை நரைக்கும் வயதில் அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததாக அறிந்த பெண், அந்த ஐந்து நிமிடத்துக்குள் உறவுமுறை பார்த்து முடித்திருந்தார். அதிலும் பெரிய வேடிக்கை என்னவென்றால், 'ஆர் எவர் எண்டு தெரியாத சனம்' என்று சொல்லித்தான் அவர் இந்தக் கல்யாணத்தை மறுத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர்களைவிட நெருங்கிய சனம் அவருக்கு இந்த நாட்டில் இல்லை. மறுப்பதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது.

டொய்லுக்கு நான் விளக்கினேன்: பையனும் பெண்ணும் ஒருவருக்கொருவர் கசின் என்று தெரியவந்திருக்கிறது. அவர் கவலையோடு தேநீர்க் கோப்பையை வைத்தார். "ஐயோ, அப்படியென்றால் கல்யாணம் நின்றுவிட்டதா?"

"இல்லை, இப்போதுதான் நடக்கப்போகிறது" என்றேன். பாவம், அவர் மூன்று வருடச் சிறையில்கூட அப்படிக் குழம்பியிருக்க மாட்டார்.

முரண்டு பிடித்தது தேவிதான். "கசினா? ஐயே! நேத்துவரைக்கும் நீங்க எல்லாரும் வேணாம்னீங்க, இன்னிக்கு நான் வேணாம்னு சொல்லப்போறேன்" என்று ஆங்கிலமும் தமிழுமாகப் பொரிந்தாள். ஒரு வாரம் பாலனோடு பேசவில்லை. தாதிப் பயிற்சியில் இருந்தவள் ஆதலால் ஒரு வைத்தியரிடம் போய் விசாரித்தாள். பாதிக் கசின்தான், பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகு, எட்டாவது நாள் தூள் முடிந்துவிட்டது என்று பாலனுக்குத் தகவல் அனுப்பினாள். அடுத்த தை மாதம், ஒரு வாடகை மண்டபத்தில், அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. மிஸ்டர் டொய்ல் வேட்டி கட்டி வந்தார், இடுப்புப்பட்டியோடு.

ஆனால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னும் முடிக்கவில்லை.

குசினி வாசலில்

ஆண்களைப் படத்தோடு விட்டுவிட்டு நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அன்ரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னாலேயே செல்வரத்தினம் அங்கிள் வந்து, உள்ளே வராமல் வாசற்படியில் நின்றார்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது" என்றார்.

"உங்கடை அம்மாவுக்கு?"

"தெரியலே. தெரிஞ்சிருந்தாலும் எங்கிட்ட சொல்லலே. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போயிட்டாங்க."

அன்ரி தண்ணீர்க் குழாயை மூடினார். "என்ரை அம்மா ஒன்பது வரியம் பொட்டோட காத்திருந்தவ. சனம் கதைக்கத் தொடங்கின பிறகுதான் அழிச்சவ. தபால்காரன் வாற நேரத்துக்கு முகம் கழுவுவா. ஒவ்வொரு நாளும்."

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்பதற்கு அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. குற்றம் செய்தவரைக் கேள்வி கேட்க ஆளில்லை. எனக்கு அந்தக் கந்தையாமேல் பொல்லாத கோபம் வந்தது. சிகரெட்டுக்காக ஓடின மனிதர், இரண்டு பெண்களை இரண்டு கரையில் விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

அன்ரி திரும்பினார். அழுதிருந்தார், ஆனால் அதைப்பற்றி யாரும் கேட்கக் கூடாது என்ற முகத்தோடு நின்றார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அவர் எங்களோட ஒருநாளும் சிரிச்சதில்லை" என்றார். "லீவிலை வந்தாலும் வந்த ஆள் மாதிரித்தான் இருப்பார். அவருக்குச் சிரிக்கத் தெரியாது எண்டுதான் நாங்கள் நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

அங்கிள் தலையை நிமிர்த்தினார்.

அன்ரி அவரை நேராகப் பார்த்தார். பிறகு கேட்டார். "சத்தம் வருமோ?"

"என்னாது?"

"அப்பா சிரிச்சால். சத்தம் வருமோ, இல்லாட்டிச் சும்மா பல்லைக் காட்டுறதோ?"

"சத்தமா? தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"எப்பிடி?"

செல்வரத்தினம் அங்கிள் வெட்கப்பட்டார். நாற்பது வயது தாண்டிய மனிதர், வேலைத்தலத்தில் இருபது பேருக்கு மேலதிகாரி. சுற்றிப் பார்த்தார். நான் தண்ணீரைக் குடிப்பதாகப் பாவனை செய்தேன். அவர் முதலில் மெதுவாகத் தொடங்கினார். மூச்சை உள்ளே இழுத்து ஒரு விக்கல், பிறகு தோள் குலுங்க ஒன்று, பிறகு வயிற்றிலிருந்து மேலே மேலே ஏறி, கடைசியில் அந்தச் சின்னக் குசினி முழுவதும் நிறைந்தது. முன்னறையில் பேசிக்கொண்டிருந்த டொய்ல் பாதியில் நிறுத்தினார். அந்தச் சிரிப்பை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

பாக்கியம் அன்ரி அசையவில்லை. ஒரு சத்தமும் தவறிப்போகக் கூடாது என்பதுபோலத் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அங்கிள் முடித்து, மூச்சு வாங்கினார்.

"உதென்ன சிரிப்பு, கழுதை கத்தின மாதிரி" என்றார் அன்ரி. ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார்.

"இன்னொருக்காச் சிரிச்சுக் காட்டு, தம்பி."